மச்சான் கடைசியில் வந்த விதம்

செஞ்சி
செவ்வாய், முற்பகல்

பெருமதிப்பிற்குரிய மச்சான் திரு. பூபதி அவர்களின் சமூகத்திற்கு, தங்கை கணவர் இளவழகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் நைனாவும் பாப்பாவும் உடல்நலத்துடன் இருக்கிறோம். உங்கள் தங்கை அன்புக்கரசி உடல்நலத்துடன் என்னோடு பேசாமல் இருக்கிறார். சொல்ல வேண்டியதைப் பாப்பாவிடம் சொல்லி அனுப்புகிறார். பாப்பாவுக்கு மூன்று வயது. செய்தி வந்து சேரும்போது கொஞ்சம் சேதாரம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். வேர்க்கடலை பிடுங்கும் வேலை நடக்கும். மோட்டார் ஓடும். கரண்ட் இருக்கும். இப்படியெல்லாம் நம்பித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க முடிகிறது.

சில நாட்களாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. உங்கள் தங்கையின் போனை ஒரு முறை எடுத்தீர்கள். “கடைசில கெடக்கிறவன் வந்து இன்னா ஆவப்போவுது? மேல இருக்கிறவனையே மடில வெச்சிக்கச் சொல்லு” என்றீர்கள். வைத்துவிட்டீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து. மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். மாமன் வராவிட்டால் காது குத்தே கிடையாது என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டார். என்னோடு பேசுவதை நிறுத்துவதற்கு முன் சொன்ன கடைசி வாக்கியம் அதுதான். பத்திரிகை ஊர் முழுக்கப் போய்விட்டது. மண்டபம் உறுதி. சமையல்காரர் உறுதி. ஆசாரி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மடி மட்டும் உறுதியாகவில்லை.

ஆகவே இந்தக் கடிதம். பேனரில் நீங்கள் கடைசியில் வந்தது எப்படி என்று விளக்குவது இதன் நோக்கம். எந்த விஷயத்தையும் விளக்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவன் நான். படித்த படிப்பு அப்படி.

நடந்தது இதுதான். காதணி விழாவுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைக்க வேண்டும் என்றார் நைனா. நான் வேண்டாம் என்றேன். மனித முகங்களை அச்சடித்துக் கம்பத்தில் கட்டுவது குறித்து எனக்குச் சில கேள்விகள் இருந்தன. “கேள்வியெல்லாம் உன் காலேஜில கேட்டுக்க. பொண்ணு வூட்டு சனம் மூஞ்சி ரோட்டுல தெரியலன்னா நாளைக்கு நான் எவன் மூஞ்சில முழிக்கிறது?” என்றார். கேள்விகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்களை நைனா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மூத்தவர் தொடங்கி இளையவர் வரை. முதலில் நைனாவின் அக்கா ஆண்டாள் அத்தை, எண்பத்தொன்று. கடைசியில் என் தம்பி மகன், இரண்டு. ஒரு வரிசை தயார். உங்கள் பக்கத்து ஆட்களை உங்களிடம் கேட்டேன். பெயர், வயது, போட்டோ. மூத்தவர் முதலில், அப்புறம் அடுத்தவர் என்று வரிசையாக வேண்டும் என்றும் சொன்னேன். “அதெல்லாம் நான் ஒயுங்கா வரிசையாதான் போட்டு அனுப்புவேன் மாப்ள. எனக்குத் தெரியாதா?” என்றீர்கள். அன்றைக்கே அனுப்பினீர்கள். உங்களுடைய போட்டோவை ஸ்டுடியோவில் புதிதாக எடுத்திருந்தீர்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் அருவி. நல்ல போட்டோ. அதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வரிசைகள் கையில். பேனருக்கு வேண்டியது ஒரே வரிசை. இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது.

நீங்கள் விவசாயி. நான் வீட்டில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன். என் தொழிலில் எல்லாவற்றையும் நாமே செய்வதில்லை. விசேஷத்துக்கு அண்டா, கரண்டி, ஜமக்காளமெல்லாம் நாமா செய்கிறோம்? வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்து வருகிறோம். நிரல் எழுதுகிறவர்களுக்கும் அப்படி ஒரு கடை உண்டு. லைப்ரரி என்பார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதிவைத்த சின்னச் சின்னக் கருவிகள் அதில் அடுக்கியிருக்கும். வேண்டியதை எடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது. கழுவித் திருப்பித் தர வேண்டியதும் இல்லை.

அதில் மெர்ஜ் என்று ஒரு கருவி. வரிசையில் உள்ள இரண்டு பட்டியல்களைக் கொடுத்தால், வரிசை குலையாமல் ஒன்றாக்கித் தரும். அழகான கருவி. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. நடுவில் ஒரே கேட். கேட்டில் ஒரு ஆள். வயதில் மூத்தவரை முதலில் விடு என்று அவரிடம் சொல்லியிருக்கிறது. அவர் இந்த வரிசையின் முதல் ஆளைப் பார்ப்பார். அந்த வரிசையின் முதல் ஆளைப் பார்ப்பார். இருவரில் மூத்தவரை உள்ளே அனுப்புவார். மறுபடி அதே. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க மாட்டார். அவர் வேலை அதுவல்ல. இரண்டு வரிசைகளும் ஏற்கெனவே மூத்தவர் முதலாக நிற்கின்றன என்று நம்பி அவர் நிற்கிறார். அந்த நம்பிக்கைதான் அவருடைய வேகம்.

கருவியோடு வரும் குறிப்பில் இதைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. கொடுக்கிற பட்டியல்கள் முன்பே வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த வரியை நான் படித்தேன். பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்பதைப் படிப்பதுபோலப் படித்துக் கடந்தேன்.

சோதிக்காமல் இல்லை, மச்சான். ஐந்து, மூன்று, ஒன்று என ஒரு பட்டியல். ஆறு, நான்கு, இரண்டு என இன்னொன்று. சேர்த்தேன். ஆறிலிருந்து ஒன்று வரை வரிசையாக வந்து நின்றன. எண்களுக்கு அடக்கம் கிடையாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மனிதர்களைக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. போட்டோக்களுக்கு வரிசைப்படி எண் போட்டுப் பேனர் கடைக் குருவுக்கு அனுப்பினேன். உங்கள் தங்கை தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, “யார் யாரு எங்க எங்க வர்றாங்கன்னு பாத்தீங்களா?” என்று கேட்டார். பார்க்கத் தேவையில்லை என்றேன். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிற கருவி என்றேன். “அவங்களுக்கெல்லாம் எங்கண்ணனத் தெரியுமா?” என்றார். அந்தக் கேள்வியில் தர்க்கம் இல்லை என்று நினைத்தேன். ரசம் நன்றாக இருந்தது.

குரு போன் செய்தான். “சார், போட்டோவெல்லாம் வந்துடுச்சி. மொத ஆளு பெருசா, அப்புறம் வரிசைக்கு வரிசை சின்னதா ஆவும். நம்ம மாடல் அப்டி. ஓகேவா?”

“ஓகே.”

“மொத ஆளுக்குக் கீழ ‘விழா நாயகர்’னு மாடல்லயே வரும். பின்னால ரெண்டு சிங்கம் நிக்கும். எடுத்துடட்டுமா, இருக்கட்டுமா?”

முதல் ஆள் எண்பத்தொரு வயது ஆண்டாள் அத்தை என்ற எண்ணத்தில் இருந்தேன். இரண்டு சிங்கங்களுக்கு நடுவில் அவர் பொருத்தமாகவே இருப்பார். இருக்கட்டும் என்றேன்.

பேனரைச் சிங்கவரம் ரோடு திருப்பத்தில் கட்டினார்கள். நைனா பார்த்துவிட்டு வந்து சொம்பில் தண்ணீர் குடித்தார், இன்னொரு சொம்பு குடித்தார், “டேய், போயி பாத்துட்டு வா” என்றார், நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன், அங்கே மேலே, எல்லாருக்கும் மேலே, பாப்பாவின் முகத்தைவிடப் பெரிதாக, இரண்டு சிங்கங்கள் காவல் நிற்க, விழா நாயகர் என்ற பட்டத்தோடு உங்கள் பெரியப்பா மகன் ஜெயக்கொடி அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார், கிணற்று முறைத் தகராறில் போன வருஷத்திலிருந்து நீங்கள் முகம் பார்க்காத அதே ஜெயக்கொடி அண்ணன், அவருக்குக் கீழே ஆண்டாள் அத்தை, அத்தைக்குப் பின்னால் எங்கள் ஆட்களும் உங்கள் ஆட்களும் சிறுத்துக்கொண்டே போக, நான் உங்களைத் தேடினேன், இரண்டாம் வரிசையில் இல்லை, நடுவில் இல்லை, குழந்தைகள் வரிசை வந்துவிட்டது, என் தம்பி மகன் வந்துவிட்டான், உங்கள் கொழுந்தியாவின் ஐந்து மாதக் குழந்தை கண்ணை மூடித் தூங்குகிறது, அதற்கும் அப்பால் வலது மூலையில், குரு கடையின் போன் நம்பரை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு அருவி.

நீங்கள்தான்.

பேனரின் கீழே யாரோ ஒரு மொபெட்டை நிறுத்தியிருந்தார்கள். அதன் ஹேண்டில்பார் உங்களை மறைத்தது. முதலில் அதை ஒரு நல்ல விஷயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காரணத்தைத் தேடினேன். காரணங்கள் இரண்டு. இரண்டும் உங்கள் பட்டியலில் இருந்தன. குறை சொல்லவில்லை. இருந்தன என்று மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஜெயக்கொடி அண்ணனின் வயது. உங்கள் பக்கத்தில் மூத்தவர் அவர்தான். பேசாவிட்டாலும் முறை தவறாமல் முதல் ஆளாகப் போட்டிருந்தீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. ஆனால் எல்லாருக்கும் வயதை எழுதிய நீங்கள் அவருக்கு மட்டும் பிறந்த வருஷத்தை எழுதியிருந்தீர்கள். 1958. அந்த ஆளின் வயதை நான் எதற்கு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்று நினைத்திருக்கலாம். நியாயம். ஆனால் கருவி அதை வயது என்றே எடுத்துக்கொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வயது. அதன் கணக்கில், ராஜகிரிக் கோட்டைக்கு முதல் கல் வைத்தபோதே ஜெயக்கொடி அண்ணனுக்கு ஆயிரம் வயது தாண்டியிருந்தது. அப்படிப்பட்டவரை ஆண்டாள் அத்தைக்குப் பின்னால் நிற்கவைக்க எந்தக் கருவிக்கும் மனம் வராது. இந்த விஷயத்தில் அத்தைக்கு வருத்தமில்லை. “என்னவிட மூத்தவன் ஒர்த்தன் இருக்கிறான்னா சந்தோசம்தான். இனிமே என் சாவுக்கு நாள் பாக்கறவன்லாம் அவனப் போய்ப் பாருங்க” என்றார்.

இரண்டாவது காரணம் நீங்கள்.

உங்கள் பட்டியலின் கடைசி வரி இப்படி இருந்தது. “பூபதி (நான்), 46.” ஐந்து மாதக் குழந்தைக்குப் பிறகு. வரிசையாகத்தான் போடுவேன் என்றவர் ஏன் இப்படிச் செய்தார்? கேட்டில் நிற்கிற ஆளுக்கு, உங்கள் முன்னால் நிற்கும் குழந்தை உள்ளே போகும்வரை நீங்கள் இருப்பதே தெரியாது. குழந்தையோ எல்லாரையும்விடச் சின்னது. எல்லாரும் போன பிறகுதான் அது போகும். அது போன பிறகுதான் நீங்கள். கருவி தவறு செய்யவில்லை, மச்சான். சொன்னதைச் செய்தது. இதை உங்கள் தங்கையிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“எங்கண்ணன் தன் கையால தன் பேர மொதல்ல எழுதிக்குமா? அசிங்கமா இருக்காது?” என்றார்.

“மூத்தவர் முதல்லனு நான் தெளிவாகச் சொன்னேனே.”

“சொன்னா? பந்தில ஒர்த்தரு போதும் போதும்னு எலைய மறைச்சா, சரின்னு சோத்துக் கூடைய எடுத்துக்கினு போயிடுவீங்களா? இன்னும் ஒரு கரண்டி போட மாட்டீங்க? அது கடைசில போட்டுக்கும். நீங்கதான் தூக்கி மேல வெக்கணும். இதுகூடவா சொல்லித் தரணும்?”

யோசித்தேன். உண்மைதான். உங்கள் பட்டியலை நைனா படித்திருந்தால் கடைசி வரியைப் பார்த்தவுடன் சிரித்துக்கொண்டே அதை மேலே கொண்டுபோயிருப்பார். சமையல்காரர் படித்திருந்தாலும் மேலே கொண்டுபோயிருப்பார். இந்த ஊரில் கடைசி வரியைக் கடைசி வரி என்று படித்த இருவர் நானும் அந்தக் கருவியும்தான். அதை எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. அவர் பந்தியில் யார் போதும் என்றாலும் அதோடு நிறுத்திவிடுகிறவர் போலிருக்கிறது.

என் கம்பெனியில் வேலை செய்யும் ஜெயஸ்ரீயிடம் ஆறுதலுக்காகப் போனில் விஷயத்தைச் சொன்னேன். சென்னைப் பெண். ஆறுதல் சொல்கிற வழக்கம் இல்லை.

“மொத்தம் எத்தன பேருடா?”

“நாற்பத்து மூணு.”

“நாப்பத்து மூணு பேருக்கு மெர்ஜா? ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி சார்ட் பண்ண வேண்டியதுதானே, லூசு? ஒரு வரி.”

ஏற்கெனவே வரிசையில் இருப்பவர்களை மறுபடி கலைத்து அடுக்குவது வீண் வேலை என்றும், மெர்ஜ்தான் நேர்த்தியான வழி என்றும் சொன்னேன். “நேர்த்தியா வெச்சி இன்னா பண்ண, மச்சான் பேசலையே” என்றாள். கரண்ட் போய்விட்டதுபோல இணைப்பைத் துண்டித்தேன்.

ஆனால் அவள் சொன்னபடி மொத்தமாகக் கொட்டி அடுக்கிப் பார்த்தேன். ஜெயக்கொடி அண்ணனின் வயதையும் திருத்தினேன். ஆண்டாள் அத்தை முதலில் வந்தார். நீங்கள் நடுவில் வந்தீர்கள். நாற்பத்தாறு வயதுக்கு நடுதான் கிடைக்கிறது. இடது பக்கம் எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா. வலது பக்கம் என் தம்பியின் மாமியார். பிழையே இல்லாத வரிசை. நல்ல செய்தி என்று உங்கள் தங்கையிடம் காட்டினேன்.

“மாமனுக்கு வயசு இன்னாங்க வயசு?” என்றார். “எங்கண்ணன் நாளைக்குப் பொறந்தாலும் பாப்பாவுக்கு மாமன்தான் மொதல்ல.”

இதற்கு என்னிடம் கருவி இல்லை. நாளைக்குப் பிறக்கப் போகிறவர் எண்பத்தொரு வயதுக்காரரைவிட மூத்தவர். இப்படி ஒரு விதியை நிரலாக எழுதலாமா என்று யோசித்தேன். எழுதலாம். எழுதிய பிறகு அந்த விதி செல்லுபடியாகும் ஊரில் குடியிருக்கத்தான் வேறு ஆட்கள் வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. அந்த ஊரில்தான் குடியிருக்கிறோம்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய், வழியில் கட்டியிருந்த பேனர்களை முதல் முறையாக நின்று பார்த்தேன். மஞ்சள் நீராட்டு. காதணி. கடை திறப்பு. ஒன்றில்கூட இரண்டு வீட்டாரையும் கலக்கவில்லை. இந்தப் பக்கம் அப்பா வீடு. அந்தப் பக்கம் அம்மா வீடு. நடுவில் குழந்தை. குழந்தையை ஒட்டி ஒரு வட்டத்தில் தாய்மாமன். அவ்வளவுதான். சேர்க்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் இவற்றைத் தாண்டித்தான் பால் வாங்கப் போயிருக்கிறேன். ரசனைக் குறைவு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இனி அவசரமான விஷயம். ஜெயக்கொடி அண்ணன்.

அவர் பேனரைப் பார்க்க சிங்கவரத்திலிருந்து மொபெட்டில் வந்திருந்தார். உங்களை மறைத்தது அவருடைய மொபெட்தான் என்று பிறகு தெரிந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை. நீங்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. பேனருக்கு முன் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். நீங்கள் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எதிர்பாக்கல சம்பந்தி. எங்க வூட்லகூட என்ன இப்டி நெனச்சதில்ல. அந்த பூபதிப் பையனுக்குத் தெரியாத மரியாத உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது” என்று கண் கலங்கினார். நைனா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். “பாப்பாவ என் மடிலதான் உக்கார வெக்கப் போறீங்கன்னு அப்பவே புரிஞ்சிடுச்சி. நானும் மாமன் மொறதானே. பூபதி வரலன்னா போவுது, நான் இருக்கிறேன்” என்றார்.

அவருக்கு மூட்டு வலி. சம்மணம் போட்டு உட்கார முடியாது. ஆகவே தினமும் பழகுகிறாராம். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு. தலையணை அழவில்லை, எட்டி உதைக்கவில்லை, அதனால் அதன் மேல் ஒரு தேங்காய்ப் பையையும் வைத்துப் பார்த்ததாக நேற்று போனில் சொன்னார். சீர் கொண்டுவர மேளக்காரரிடமும் பேசிவிட்டார். இதை நைனா என்னிடம் சொல்ல, நான் உங்கள் தங்கையிடம் சொல்ல, அவர் பாப்பாவைக் கூப்பிட்டு, “உங்கப்பாகிட்ட சொல்லு, அந்தாளு மடில உக்கார வெச்சா நானும் நீயும் அந்த மண்டபத்துலயே இருக்க மாட்டம்னு” என்றார். பாப்பா என்னிடம் வந்து, “அப்பா, மண்டபம் இருக்காதாம்” என்றாள். சுருக்கமாகச் சொன்னால் அதுதான்.

செய்த பரிகாரங்களை எழுதுகிறேன். பழைய பேனர் இறங்கிவிட்டது. புதியது நாளை ஏறும். இம்முறை நிரல் இல்லை. குரு கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக நானே கையால் நகர்த்தினேன். இடது பக்கம் எங்கள் வீடு. வலது பக்கம் உங்கள் வீடு. அங்கே முதலில் ஜெயக்கொடி அண்ணன், அறுபத்தேழு வயதுக்கு உரிய அளவில், சிங்கம் இல்லாமல். நடுவில் பாப்பா. பாப்பாவை ஒட்டிப் பெரிய வட்டத்தில் நீங்கள். உங்கள் வட்டத்தை குரு சின்னதாக வைத்தான். பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கினான். இன்னும் என்றேன். “சார், இன்னும் இழுத்தா பாப்பா மூஞ்சி மறஞ்சிடும்” என்றான். அந்த இடத்தில் நிறுத்தினோம். அருவி முழுவதும் தெரிகிறது.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். கேட்டில் நிற்கிற அந்த ஆளுக்கு முன்னால் இன்னொரு ஆளை நிறுத்தும்படி நிரலைத் திருத்திவிட்டேன். இவர் இரண்டு வரிசைகளையும் முதலிலிருந்து கடைசி வரை நடந்து பார்ப்பார். இளையவருக்குப் பின்னால் மூத்தவர் யாராவது நின்றால் வேலையை நிறுத்திக் குரல் கொடுப்பார். உங்கள் பட்டியலைக் கொடுத்துப் பார்த்தேன். நின்றது. “வரிசை தவறு: பூபதி” என்று சொன்னது. அதன் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது காட்டுகிறேன். நீங்கள் கடைசியில் நிற்கக் கூடாதவர் என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் அது.

இவ்வளவும் எழுதிய பிறகு, என் பக்கத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்பதும், நடந்தது ஒரு நம்பிக்கைக்கும் ஒரு அடக்கத்துக்கும் இடையே ஏற்பட்ட விபத்து என்பதும் தெளிவாகியிருக்கும் என்று நம்புகிறேன். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாங்கினீர்கள் என்பதற்குக் கையெழுத்துக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் உங்கள் வருகை எதிர்பார்க்கப்படுகிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கொழுந்தியாவின் குழந்தைக்குத் தூக்கம் கெடாமல் ஆசிகள். வேர்க்கடலை நல்ல விலைக்குப் போகட்டும். உங்கள் வீட்டில் எல்லா நன்மைகளும் முதல் வரிசையிலேயே வந்து நிற்கட்டும்.

என்றும் தங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய
இளவழகன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன், உங்கள் தங்கை பார்க்கட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். படித்துவிட்டார். இத்தனை நாட்களுக்குப் பிறகு, பாப்பாவை நடுவில் வைக்காமல் என்னிடமே பேசினார்.

“சிங்கவரம் இன்னா சிங்கப்பூரா, ரிஜிஸ்தர் தபால் போட்டுக்கினு? வண்டில ஏறினா கால் மணி நேரம்.”

“விளக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது.”

“எங்கண்ணன் பேனரப் பாத்தா கோவிச்சிக்கினு இருக்குது? தட்டு எடுத்துக்கினு வாசல் ஏறி வந்து கூப்ட்டாரான்னு பாத்துக்கினு இருக்குது. ஊருக்கெல்லாம் அனுப்ன மாரி அதுக்கும் போன்ல பத்திரிகைய அனுப்பிட்டீங்க. அத வாயத் தொறந்து கேக்குமா? பேனரத்தான் சொல்லும்.”

மச்சான் விழாவை நடத்துகிறவர், விருந்தாளி அல்ல, அவரை எதற்கு அழைப்பது என்றுதான் நினைத்தேன் என்றேன். அவர் தாம்பாளத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆகவே மேலே உள்ள எதையும் நீங்கள் படிக்கப் போவதில்லை. வெற்றிலை பாக்கு, பூ, பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் ஏறிவிட்டன. நைனா ஆட்டோவுக்குப் போயிருக்கிறார். பாப்பாவுக்குப் பவுடர் பூசியாகிவிட்டது. நீங்கள் கதவைத் திறந்ததும் எதிலிருந்து தொடங்குவது, பட்டியலிலிருந்தா, கருவியிலிருந்தா, நம்பிக்கையிலிருந்தா என்று உங்கள் தங்கையைக் கேட்டேன்.

“ஒண்ணும் பேசாதீங்க” என்கிறார். “தட்ட நீட்டுங்க.”